41 விநாடியும் 52 நிமிடமும்

இந்திய வானியலின் பெருமை பேசும் இணையப் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற ஓர் எண் உண்டு: 41 விநாடி. கதை நம்ம புதுச்சேரியில் நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜாந்தீல், உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்குக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கு அந்தத் தமிழ்க் கணக்கு சொன்ன விடை, உண்மையான நேரத்தைவிட 41 விநாடிதான் குறைவு. அன்றைய ஐரோப்பாவின் பேர்பெற்ற சந்திர அட்டவணையான டோபியாஸ் மாயருடையது 68 விநாடி அதிகம். தரையில் சோழி அடுக்கிக் கணக்குப் போட்டவர், கெட்டிங்கன் பேராசிரியரை 27 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்.

கேட்கவே நல்லா இருக்கு. எனக்கும் பிடித்த கதைதான். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையான ஒரு வாக்கியம் ஆளை ஏமாற்ற முடியுமா என்று யோசிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

லெ ஜாந்தீலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர் கிரகணத்துக்காகப் புதுச்சேரிக்கு வந்தவர் அல்ல. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். 1761 ஜூன் 6 அன்று கடப்பு. அதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. கடப்பு நடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில். அளவு ஒன்றும் எடுக்க முடியவில்லை. அடுத்தது 1769 ஜூனில். எட்டு வருஷம் இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மேல் ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வானம் பளிச்சென்று வெளுத்தது. அதற்கடுத்த கடப்பு 1874இல். ஊருக்குத் திரும்பிப் போனால் செத்துப்போனதாக அறிவித்துச் சொத்தையும் பங்கு போட்டிருந்தார்கள். இரண்டே முயற்சி, இரண்டும் தோல்வி. இதை வைத்து ‘புதுச்சேரியில் வானம் பார்க்க முடியாது’ என்று ஒருவர் முடிவு கட்டினால் நாம் சிரிப்போம். ஆனால் ஒரே ஒரு கிரகணத்தை வைத்து முடிவு கட்டும்போது யாரும் சிரிப்பதில்லை.

41 விநாடி என்ற எண்ணை இப்போது கிட்டப் போய்ப் பார்க்கலாம். லெ ஜாந்தீல் இங்கே வந்தது 1768இல், கிரகணம் 1765உடையது. ஆக, நடந்து முடிந்த கிரகணத்துக்கான கணக்கு இது. அடுத்து, அந்த 41 விநாடி கிரகணம் நீடித்த நேரத்தில் உள்ள பிழை. கிரகணத்தில் அளக்கக்கூடியவை பல: எப்போது தொடங்கியது, எப்போது நடு, எப்போது விட்டது, நிலவில் எவ்வளவு மறைந்தது, மொத்தம் எவ்வளவு நேரம். இத்தனையில் ஒன்றுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. தொடக்கமும் முடிவும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளிப்போயிருந்தால்கூட, நீடித்த நேரம் கச்சிதமாகவே வரும்.

இந்த இடத்தில் இன்னொருவர் வருகிறார். சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றியவரும் பிறப்பால் பிரெஞ்சுக்காரருமான ஜான் வாரன். தென்னிந்தியர் காலத்தைக் கணக்கிடும் முறைகளைப் பற்றி ‘கால சங்கலிதம்’ என்று 1825இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். பெயரை ‘சாமி நாடன் சாஷியா’ என்பது போல எழுதியிருக்கிறார். சாமிநாத சேஷய்யாவாக இருக்குமோ என்பது என் ஊகம். அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது. அட்டவணைகள் எல்லாம் வாக்கியங்களாக மனப்பாடம். சோழிகளைத் தரையில் வைத்து நகர்த்தியே 1825 மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிழை எவ்வளவு? தொடக்கத்தில் கூடுதலாக 4 நிமிடம். நடுவில் குறைவாக 23 நிமிடம். முடிவில் குறைவாக 52 நிமிடம். நீடித்த நேரத்தை எடுத்துக்கொண்டால் தொடக்கப் பிழையும் முடிவுப் பிழையும் சேர்ந்து 56 நிமிடம்.

அதே ஊர், அதே சோழி, அறுபது வருஷ இடைவெளி. ஒன்றில் 41 விநாடி, மற்றதில் 56 நிமிடம். அப்படியானால் தமிழ்க் கிரகணக் கணக்கின் துல்லியம் எது? இரண்டில் எந்த எண்ணைச் சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும். இருபது முப்பது கிரகணங்களைக் கணித்துப் பார்த்து, எல்லாப் பிழைகளையும் வரிசையாக வைத்தால்தான் பதில் தெரியும். மாயரின் அட்டவணைக்கு மதிப்பு வந்தது அந்த வழியில். கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க அது திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டது. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவிக்குப் பிரிட்டிஷ் அரசு 3,000 பவுண்டு கொடுத்தது. ஒரு கிரகணத்தில் 68 விநாடி பிசகியதால் அவருடைய மதிப்பு குறையவில்லை, குறையவும் கூடாது.

(வாக்கியக் கணக்கு செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். காரைக்கால் பக்கம் திருநள்ளாறு கோயில் இன்றும் வாக்கிய பஞ்சாங்கம்தான் பார்க்கிறது. 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பேச, ‘எங்களுக்கு 2026இல்தான்’ என்று கோயில் தரப்பில் சொல்லிவிட்டார்கள்.)

இங்கே என்னை உறுத்துவது ஒன்றுதான்: குற்றவாளி யாரும் இல்லை. லெ ஜாந்தீல் கண்டதை எழுதினார். பிறகு வந்த ஒருவர் அதில் சுவாரசியமானதை எடுத்தார். அவரிடமிருந்து இன்னொருவர் அதைச் சுருக்கினார். கடைசியில் அது ஒரு வரியாகி நம் போனுக்கு வந்தது. கை மாறும்போதெல்லாம் ஒரு சல்லடை. சுமாரான எண்கள் கீழே விழுந்துவிட்டன, பிரமாதமான எண் மட்டும் மேலே தங்கியது. ஒவ்வொருவரும் நேர்மையாக இருந்தும் மொத்தத்தில் நமக்குக் கிடைத்தது கோணலான படம்.

இதை முதலில் தெளிவாகப் பார்த்தவர்களில் ஒருவரும் பிரெஞ்சுக்காரர்தான், அந்துவான் கூர்னோ. 1843இல் நிகழ்தகவு பற்றி எழுதிய நூலில் அவர் ஆண், பெண் பிறப்பு விகிதத்தை எடுத்துக்கொள்கிறார். நாடு முழுக்கப் பிறந்த குழந்தைகளை எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம்: எத்தனையாவது குழந்தை, பெற்றோர் வயது என்ன, தொழில் என்ன, எந்தப் பருவத்தில் பிறந்தது என்று. பிரித்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு பிரிவில் விகிதம் கண்ணைக் குத்துகிற மாதிரி மாறி நிற்கும். ஆராய்ச்சியாளர் அதை வெளியிடுவார். அதற்கு முன் எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்துக் கைவிட்டார் என்பது வெளியே தெரியாது. அந்தத் தேடலின் தடம் அழிந்துபோகும். ஆகவே வெளியான எண்ணை மட்டும் பார்த்து அது தற்செயலா இல்லையா என்று வாசகர் தீர்மானிக்கவே முடியாது என்கிறார் கூர்னோ. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எழுதியது இது.

இன்றைய ஆய்வுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ‘தற்செயலாகவே இப்படியொரு விளைவு வர 20இல் 1 வாய்ப்புக்கும் குறைவு’ என்றால் அதைக் கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டவருக்கு இது ஓரளவு நியாயமான வேலி. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருவர் 20 தனித்தனிக் கேள்விகள் கேட்டால்? குறைந்தது ஒன்றாவது வேலியைத் தாண்டிவிட 64 சதவீத வாய்ப்பு. அந்த ஒன்றை மட்டும் அவர் நம்மிடம் சொன்னால், அவர் சொன்னது உண்மைதான். நமக்குப் புரிந்ததுதான் பொய்.

பஞ்சாங்கக்காரரின் சோழியைப் பார்த்தோம். அந்தப் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜாதகம் சொல்கிறவர்களையும் ஒருமுறை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். வானியலாளர் ஜெயந்த் நார்லிகர், புள்ளியியலாளர் சுதாகர் குந்தே, நரேந்திர தபோல்கர், பிரகாஷ் கட்பாண்டே ஆகியோர் 2008இல் மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனை அது. மறு வருஷம் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகள், அறிவுத்திறன் குறைபாடு உள்ள 100 பிள்ளைகள், ஆக 200 ஜாதகங்கள். ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 ஜாதகம். எது எந்த வகை என்று சொல்ல வேண்டும். 27 பேர் விடை அனுப்பினார்கள். மொத்தத்தில் 46 சதவீதம் சரி. நாணயம் சுண்டினால் 50 வரும்.

அந்த 27 பேரில் முதலிடம் பிடித்தவர் 40க்கு 24 சரியாகச் சொன்னார். 60 சதவீதம். இந்த ஒருவரை மட்டும் மேடையேற்றினால் எப்படி இருக்கும்! ‘விஞ்ஞானிகள் வைத்த பரீட்சையில் பாதிக்கு மேல் சரியாகச் சொன்ன ஜோதிடர்’ என்று போஸ்டர் அடிக்கலாம். ஒரு வார்த்தை பொய் கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா நாணயம் சுண்டுகிற ஒருவர் 40க்கு 24 அல்லது அதற்கு மேல் எடுக்க ஏறத்தாழ 13 சதவீத வாய்ப்பு. 27 பேர் தனித்தனியே சுண்டினால், யாராவது ஒருவர் 24ஐத் தொடாமல் இருப்பதுதான் அபூர்வம். 98 சதவீதம் யாராவது தொட்டுவிடுவார். சோதனை நடத்தியவர்கள் தேர்ச்சிக்கு 28 வேண்டும் என்று வைத்திருந்தார்கள். தனி ஒருவருக்கு அது கடுமையான வேலி, தற்செயலாகத் தாண்ட 1 சதவீதம்கூட வாய்ப்பு இல்லை. 27 பேர் வரிசையில் நின்றால்? யாராவது ஒருவர் அதிர்ஷ்டத்தில் தாண்டிவிட ஏறக்குறைய 20 சதவீதம். தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கும் அவர் வீட்டு வாசலில் கார் நின்றிருக்கும்.

மொத்தமாகத் தீர்ப்புச் சொல்வது என்றால் என்ன என்பதும் இங்கேதான் பிடிபடுகிறது. இரண்டு வேறு கேள்விகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இவர்களில் ஒருவராவது உண்மையிலேயே அறிந்தவரா என்பது ஒரு கேள்வி. இவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சமாவது விஷயம் இருக்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்கு வரிசையில் உச்சத்தில் நிற்பவரைப் பார்த்து, ‘இத்தனை பேரில் உச்சம் என்றால் இவ்வளவு வருவது சகஜம்தானே?’ என்று கேட்க வேண்டும். கல்கத்தா புள்ளியியல் மரபில் வந்த எஸ்.என். ராய் 1953இல் இந்த வழியை ஒரு பொதுவான முறையாக்கினார். இரண்டாவதற்கு ரொனால்ட் ஃபிஷர் ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு சோதனையும் தனித்தனியே பலவீனமாக இருக்கட்டும், அவற்றின் நிகழ்தகவுகளைச் சேர்த்து ஒரே அளவாக்கிப் பார்.

நம்ம ஊர்த் தண்ணீரை வைத்துச் சொன்னால் சீக்கிரம் புரியும். கடற்கரை ஓரத் தெரு ஒன்றில் 30 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 வீட்டிலும் ‘தண்ணி லேசா உப்புக் கரிக்குதுப்பா’ என்கிறார்கள். தனித்தனியே கேட்டால் எதுவுமே பெரிய புகார் இல்லை. சேர்த்துப் பார்த்தால் நிலத்தடியில் கடல் நீர் ஏறுகிறதோ என்று சந்தேகம் வர வேண்டும். ராயின் வழியில் போனால் இது தப்பிவிடும். மாறாக 29 வீட்டில் நல்ல தண்ணீர், ஒரே வீட்டில் சாக்கடை நாற்றம் என்றால், சராசரி போட்டு ‘தெரு நல்லா இருக்கு’ என்று சொல்வது அந்த ஒரு வீட்டுக்குச் செய்கிற துரோகம். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே ‘மொத்தம்’ கிடையாது. எந்த மொத்தத்தைக் கேட்கிறோம் என்பதிலேயே யாருக்காகக் கவலைப்படுகிறோம் என்பதும் இருக்கிறது.

சரி, வேலியை உயர்த்திவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? 20 கேள்வி கேட்டால் ஒவ்வொன்றுக்கும் 20 மடங்கு கடுமையாக இரு என்பதுதான் பழைய, எளிய மருந்து. பான்ஃபெரோனி பெயரில் வழங்குகிறது. ஜோதிடர் சோதனையில் அதைப் போட்டால் 40க்கு 30 எடுத்தால்தான் தேர்ச்சி. இப்போது நிஜமாகவே 60 சதவீதம் சரியாகச் சொல்லும் திறமை ஒருவரிடம் இருக்கிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவர் 30 எடுப்பது நூறு தடவையில் மூன்று நான்கு தடவைதான். மீதியெல்லாம் ‘நீயும் மற்றவர் மாதிரிதான், போ’ என்று அனுப்பிவிடுவோம். ஜோதிடர் விஷயத்தில் எனக்கு இதில் தூக்கம் கெடாது. அந்த இடத்தில் ஒரு மருந்தின் பக்கவிளைவை வைத்துப் பாருங்கள். 27 பக்கவிளைவுகளைக் கண்காணிக்கிறோம் என்ற காரணத்துக்காகவே, இதயத்தைத் தொடும் ஒன்றைத் ‘தற்செயல்’ என்று ஒதுக்கினால்?

கென்னத் ராத்மன் என்ற தொற்றுநோயியலாளர் 1990இல் இதைத்தான் பிடித்துக்கொண்டு, இப்படித் திருத்தவே தேவையில்லை என்று வாதிட்டார். அவர் பக்கம் பலமான ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே தரவு, ஒரே விளைவு. நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன், நீங்கள் 20 கேட்டீர்கள். இருவருக்கும் அந்த ஒரு கேள்வியின் விடை ஒன்றுதான். அப்புறம் உங்கள் ஆதாரம் மட்டும் ஏன் இளைத்துப்போக வேண்டும்? நிலவுக்கு நம் மனசில் எத்தனை கேள்வி ஓடியது என்று தெரியுமா என்ன? இன்னும் ஒரு படி போகலாம்: இந்தக் கட்டுரைக்குள் கேட்ட 20க்குத் திருத்தினால், என் வாழ்நாளில் கேட்டவற்றுக்கு ஏன் திருத்தக் கூடாது? உலகத்தில் எல்லோரும் கேட்டவற்றுக்கு?

இதற்கு என் பதில் இது. கேட்ட கேள்விகளின் எண்ணிக்கையால் நிலவுக்கு ஒன்றும் ஆவதில்லை, சரி. ஆனால் எனக்கு வந்து சேர்வது நிலவு அல்ல, நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம். நீங்கள் 20 விடைகளையும் என் முன்னால் பரப்பி வைத்தால் திருத்தமே வேண்டாம். நானே பார்த்து எடைபோட்டுக்கொள்வேன். ராத்மன் கேட்பதும் ஏறத்தாழ அப்படியொரு உலகத்தைத்தான். ஒன்றைப் பொறுக்கி எடுத்து என் கையில் கொடுத்தால் மட்டும், எதிலிருந்து பொறுக்கினீர்கள் என்ற எண்ணையும் கூடவே கொடுக்க வேண்டும். பள்ளியில் படித்த பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. நீட் பயிற்சி மையத்து பேனரில் சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள் தொகுதி. அந்த வருஷம் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் பகுதி. பேனரில் அதற்கு இடமிருக்காது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பொறுக்கியவருக்கே தான் பொறுக்கியது தெரியாமல் இருக்கலாம். ஆண்ட்ரூ கெல்மனும் எரிக் லோக்கனும் 2013இல் இதற்குப் போர்ஹெஸ் கதையின் தலைப்பையே எடுத்துப் ‘பிரிந்து செல்லும் பாதைகளின் தோட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். ஆராய்ச்சியாளர் நிஜமாகவே ஒரே ஒரு கணக்குத்தான் போட்டார். ஆனால் தரவு வேறு மாதிரி இருந்திருந்தால் வேறு கணக்கைப் போட்டிருப்பார். அவர் நடக்காத பாதைகளும் கணக்கில் சேர வேண்டும். வாரனின் பஞ்சாங்கக்காரரையே பாருங்கள். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழைதான். யாராவது பெருமை தேடி அந்தப் பக்கத்தைப் புரட்டியிருந்தால், ‘சோழியை வைத்தே கிரகணம் பிடிக்கும் நேரத்தை 4 நிமிடத்துக்குள் சொன்ன புதுச்சேரித் தமிழர்’ என்று இன்னொரு கதை ஓடிக்கொண்டிருக்கும். 1765இல் நீடித்த நேரம் கைகொடுத்தது, 1825இல் தொடக்கம். எது கைகொடுக்கிறதோ அதுவே நாம் முதலிலிருந்து கேட்க நினைத்த கேள்வி போலத் தோன்றிவிடும்.

என் 98 சதவீதக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 27 பேரும் தனித்தனியே யூகித்தார்கள் என்று வைத்துக்கொண்டேன். இருந்தது 200 ஜாதகம். 27 பேர் பார்த்தது 1,080 தடவை. ஒரே ஜாதகத்தைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஒரே நூல், ஒரே விதிகளைப் படித்தவர்கள் சேர்ந்தே தப்பும் செய்வார்கள், சேர்ந்தே ஜெயிக்கவும் செய்வார்கள். அப்போது 27 பேர் என்பது உண்மையில் 27 சாட்சிகள் ஆகாது. 46 சதவீதத்தைப் பார்த்து ‘அப்போ தலைகீழா சொல்றாங்களோ’ என்று துள்ளுவதற்கு முன்பும் இது நினைவில் இருக்க வேண்டும்.

மருத்துவ ஆய்வில் இதற்கு நடைமுறையில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். இந்தியாவில் மருந்துச் சோதனைகளுக்கான பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே எதை அளக்கப் போகிறோம், அதில் எது பிரதானம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விடை தெரிந்த பிறகு ‘நாங்க இதைத்தான் பார்க்க நினைச்சோம்’ என்று சொல்ல முடியாது. சொன்னாலும் யார் வேண்டுமானாலும் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். கூர்னோ சொன்ன அழியும் தடத்தை அழியாமல் வைக்கிற ஏற்பாடு.

‘அப்போ பெருமைப்பட ஒண்ணுமே இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1952இல் தமிழ் வானியலைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வு எழுதிய ஓட்டோ நாய்கபவர், வாரனின் அந்தப் பஞ்சாங்கக்காரரைத்தான் கொண்டாடினார். எத்தனை நிமிடம் பிசகியது என்பது அவரை உலுக்கவில்லை. பழைய பாபிலோனிலும் கிரேக்கத்திலும் வேர் கொண்ட ஒரு கணக்கு முறை, ஏட்டைப் பார்க்காமல், மனப்பாடமாகவும் சோழியாகவும், புதுச்சேரியில் ஒரு மனிதரிடம் 19ஆம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது என்பதுதான் அவருக்கு அதிசயம். வாரன் அந்த மூன்று பிழைகளையும், 52 நிமிடம் உட்பட, அப்படியே அச்சில் ஏற்றிவைத்தார்.